ஹைபிரிட் கார்: பெரிய பேட்டரிக்குப் பயந்து, சின்ன விஷயங்களில் செய்யும் தவறுகள்

பெட்ரோல் இன்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் கேட்டுக் கேட்டுச் சலித்த கேள்வி ஒன்று உண்டு: "பேட்டரி போய்விட்டால் என்ன செய்வீர்கள்?" கேள்வி நியாயமானதுதான். மோட்டாரை ஓட்டும் உயர் மின்னழுத்த பேட்டரியை மாற்றும் செலவு சிறிய காரின் விலையில் கணிசமான பங்கு. ஆனால் அந்த ஒரே பயம் மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிடுகிறது. இப்படிப்பட்ட கார்களைப் பல ஆண்டுகள் ஓட்டியவர்களிடம் பேசினால், நடுவழியில் தங்களை நிறுத்தியது வேறு என்பார்கள். உயிர்விட்ட சின்ன 12 வோல்ட் பேட்டரி, தூசி அடைத்த விசிறி, யாரும் திறந்து பார்க்காத கூலன்ட் தொட்டி, வறண்டுபோன பெட்ரோல் டேங்க். பெரிய பேட்டரி சீக்கிரம் செத்த கார்களிலும், அதைக் கொன்றது பல நேரம் இவற்றில் ஒன்றுதான்.

இங்கே பேசுவது சிறிய, விலை எட்டக்கூடிய ஹைபிரிட் கார்களைப் பற்றி. டொயோட்டா அக்வா, யாரிஸ் ஹைபிரிட், ஹோண்டா ஃபிட் ஹைபிரிட் போன்றவை. முதல் பிரியஸ் 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அந்தத் தொழில்நுட்பத்தைச் சிறிய உடலில் அடக்கிய அக்வா வந்தது 2011 டிசம்பரில். வேறு பல நாடுகளில் அது பிரியஸ் சி என்ற பெயரில் விற்கப்பட்டது. அந்த முதல் தலைமுறையில் 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், 45 கிலோவாட் மோட்டார், பின் சீட்டுக்கு அடியில் 144 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி. கீழே வரும் விளக்கங்களுக்குப் பெரும்பாலும் இதையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

பெயரை மட்டும் பார்த்து வாங்குவது

பின்னால் 'ஹைபிரிட்' என்று எழுதியிருக்கும் எல்லா காரும் ஒன்றல்ல. மைல்டு ஹைபிரிட் என்பதில் மோட்டார் இன்ஜினுக்குக் கைகொடுக்கும், அவ்வளவுதான். இன்ஜினை அணைத்துவிட்டு மோட்டாரை மட்டும் நம்பி நெரிசலில் ஊர்ந்து போக அதனால் முடியாது. முழு ஹைபிரிட் அதைச் செய்யும். நகருக்குள் பெட்ரோல் மிச்சமாக வேண்டும் என்று வாங்குகிறவர் இந்த வேறுபாட்டைக் கேட்காமல் பணம் கொடுத்தால், ஏமாற்றம் முதல் மாதமே வந்துவிடும்.

கியர் அமைப்பும் காருக்குக் கார் மாறும். டொயோட்டாவில் இருப்பது கோள்பற்சக்கர அமைப்பு. பெல்ட் கிடையாது, கிளட்ச் கிடையாது. அதனால்தான் அது நீண்டகாலம் தாங்குகிறது. ஹோண்டாவின் பழைய சிறிய ஹைபிரிட்களில், கியர் படிகள் இல்லாமல் விகிதத்தை மாற்றும் பெல்ட் வகை சி.வி.டி. இருந்தது. 2013-இல் வந்த ஃபிட் ஹைபிரிட்டில் 7 வேக இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ். தொடக்க காலத்தில் ஜப்பானில் அதற்குப் பலமுறை திரும்ப அழைப்பு வந்தது. அதன் பிறகு வந்த அமைப்பு இவை இரண்டிலிருந்தும் வேறுபட்டது. ஆகவே ஒரு காருக்குச் சொன்ன ஆலோசனையை, ஊற்றச் சொன்ன ஆயிலை, இன்னொரு காருக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. வாங்கும் முன் மாடலின் ஆண்டையும் கியர் வகையையும் தெரிந்துகொள்ளுங்கள்.

விளம்பர மைலேஜை நம்பி மனம் உடைவது

ஒரே காருக்கு எத்தனை மைலேஜ் எண்கள் இருக்க முடியும் என்பதற்கு அக்வாவை விட நல்ல சாட்சி இல்லை. வெளிவந்தபோது ஜப்பானின் பழைய 10-15 சோதனை முறையில் அதிகபட்சமாக லிட்டருக்கு 40 கிலோமீட்டர். அதற்குப் பின் வந்த, சற்றுக் கடுமையான ஜே.சி.08 முறையில் 35.4. அதே கார் பிரியஸ் சி என்ற பெயரில் 2012-இல் அமெரிக்காவுக்குப் போனபோது அந்நாட்டின் மதிப்பீடு நகருக்குள் கேலனுக்கு 53 மைல், நெடுஞ்சாலையில் 46, இரண்டும் சேர்த்து 50. லிட்டர் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 22.5, 19.6, 21.3 கிலோமீட்டர். கார் மாறவில்லை, அளந்த விதம்தான் மாறியது. உங்கள் கையில் 20 அல்லது 22 கிடைத்தால் காரில் எந்தக் குறையும் இல்லை.

அந்த எண்களில் இன்னொன்றையும் கவனியுங்கள். நகருக்குள் கிடைப்பது நெடுஞ்சாலையைவிட அதிகம். சாதாரண பெட்ரோல் காருக்கு இது தலைகீழ். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலைத் திரும்பப் பிடித்து வைப்பதிலும், நிற்கும்போது இன்ஜினை அணைப்பதிலும்தான் ஹைபிரிட்டின் லாபம் பெரும்பாலும் இருக்கிறது. நின்று நின்று போகாத நீண்ட நெடுஞ்சாலையில், மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில், அந்த லாபத்துக்கு வேலையே இல்லை. தினமும் நெடுஞ்சாலையில் மட்டும் ஓடுகிறவருக்கு ஹைபிரிட் தரும் மிச்சம் சிறியது. அதற்குக் கூடுதல் விலை கொடுப்பது சரியா என்று அவர் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

கணக்கு என்றால் திரையில் காட்டும் கணக்கு அல்ல. பல கார்களில் திரை கொஞ்சம் தாராளமாகவே காட்டும். டேங்கை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்து, அடுத்த முறை அதே மாதிரி நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடித்தது என்று வகுத்துப் பாருங்கள். ஒரு டேங்கை வைத்து முடிவுக்கு வர வேண்டாம். நாலைந்து முறை பார்த்தால்தான் உண்மை நிலவரம் தெரியும். மிகக் குறுகிய பயணங்கள் மட்டுமே போகிறவர்களுக்கு எண் இன்னும் குறையும். குளிர்ந்த இன்ஜினையும், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் சூடாக்க, கார் நின்றாலும் இன்ஜின் முதல் சில நிமிடங்கள் ஓடித்தான் ஆகும். பக்கத்துத் தெருவுக்குப் போய் அணைத்துவிட்டால், அந்தச் செலவை ஈடுகட்டும் ஓட்டம் கிடைக்காமலே போகிறது.

பேட்டரி மூச்சு விடும் வழியை அடைப்பது

என்னைக் கேட்டால், சிறிய ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு இதுதான். இதைத் தவிர்க்கச் செலவு எதுவும் இல்லை என்பதால் வருத்தமும் அதிகம்.

அக்வா போன்ற கார்களில் பெரிய பேட்டரி குளிர்வது காருக்குள் இருக்கும் காற்றால்தான். பின் சீட்டின் ஓரத்திலோ அடியிலோ ஒரு சின்னக் கம்பிச் சல்லடை போன்ற திறப்பு இருக்கும். அதன் வழியாக ஒரு விசிறி காருக்குள் இருக்கும் காற்றை இழுத்து, பேட்டரியின் இடுக்குகளில் ஓடவிட்டு வெளியேற்றும். அந்தத் திறப்பின் மேல் பையை வைப்பது, போர்வையைப் போடுவது, சீட் உறையை இழுத்து மூடுவது, குழந்தை இருக்கையின் பட்டையால் மறைப்பது எல்லாம் சாதாரணமாக நடக்கின்றன. மூடியவருக்கு அங்கே அப்படி ஒரு திறப்பு இருப்பதே தெரியாது.

மூடாவிட்டாலும் தூசி போகும். துணி நூல், தலைமுடி, வளர்ப்பு நாயின் ரோமம், மணல் எல்லாம் விசிறியின் இறக்கைகளில் ஒட்டி, காலப்போக்கில் கம்பளி மாதிரி படிந்துவிடும். விசிறி சுற்றும், காற்று வராது. பேட்டரி சூடாகும். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்களுக்கு வெப்பம்தான் முதல் எதிரி. லித்தியம் அயான் செல்களுக்கும் அது ஆகாது. அக்வாவின் பேட்டரியில் 120 செல்கள் வரிசையாக இணைந்திருக்கின்றன. நடுவில் இருக்கும் செல்களுக்கு வெப்பம் அதிகம், ஓரத்தில் இருப்பவற்றுக்குக் குறைவு. வரிசையில் சில செல்கள் மட்டும் முன்னதாகத் தளர்ந்தாலே முழுத் தொகுப்பும் தளர்ந்ததாகக் கணினி எச்சரிக்கை கொடுத்துவிடும்.

ஏசி போட்டால் பெட்ரோல் போகும் என்று நினைத்து, வெயில் நேரத்தில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஏசி இல்லாமல் ஓட்டுகிறவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். காருக்குள் 40 டிகிரி என்றால் பேட்டரியைக் 'குளிர்விக்க'ப் போவதும் அந்த 40 டிகிரிக் காற்றுதான். ஏசியில் மிச்சம் பிடித்த பெட்ரோல் காசு, பேட்டரியின் ஆயுளில் திரும்பப் போய்விடும். வெயிலில் நிறுத்தியிருந்த காரை எடுக்கும்போது முதலில் கண்ணாடிகளை இறக்கிச் சூட்டுக் காற்றை வெளியேற்றுங்கள். பிறகு ஏசியைப் போடுங்கள். அக்வா போன்ற ஹைபிரிட்டில் ஏசி கம்ப்ரஸர் மின்சாரத்தில் ஓடுகிறது என்பதால், சிக்னலில் இன்ஜின் அணைந்திருந்தாலும் குளிர்ச்சி நிற்காது.

பின் சீட்டுப் பக்கமிருந்து வழக்கத்துக்கு மாறாக விசிறிச் சத்தம் பலமாகக் கேட்கத் தொடங்கினால் அதை அலட்சியம் செய்யாதீர்கள். பேட்டரி சூடாகிறது, விசிறி வேகத்தைக் கூட்டுகிறது என்று பொருள். திறப்பின் வெளிப்புறத்தை வீட்டிலேயே தூசி உறிஞ்சியால் சுத்தம் செய்யலாம். வடிகட்டி இருக்கும் மாடல் என்றால் அதைக் கழற்றிச் சுத்தம் செய்வதும் எளிது. உள்ளே இருக்கும் விசிறியை மட்டும் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள். சர்வீஸுக்கு விடும்போது நீங்களாகக் கேட்டால்தான் இதைச் செய்வார்கள். கேட்காத இடத்தில் பல ஆண்டுகள் ஆனாலும் யாரும் தொடுவதில்லை.

12 வோல்ட் பேட்டரியை மறப்பது

ஹைபிரிட்டில் இரண்டு பேட்டரிகள் உண்டு என்பதே பலருக்குக் கார் நின்ற அன்றுதான் தெரியவருகிறது. இன்ஜினைச் சுழற்றி உயிர்ப்பிப்பது பெரிய பேட்டரிதான். அக்வா போன்ற டொயோட்டா ஹைபிரிட்களில் தனி ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை. ஆனால் அந்தப் பெரிய பேட்டரியைக் காரோடு இணைக்கும் ரிலேக்கள் எனும் மின் சுவிட்சுகளையும், கணினிகளையும் எழுப்புவது சின்ன 12 வோல்ட் பேட்டரி. அது செத்தால், பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும், கார் ஓடத் தயார் என்று காட்டும் 'ரெடி' விளக்கு எரியாது. கதவே திறக்காமலும் போகலாம்.

இதில் ஒரு பொல்லாத சிக்கல் இருக்கிறது. சாதாரண காரில் பேட்டரி தளர்ந்தால் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது இழுத்து இழுத்துச் சுழலும், எச்சரிக்கை கிடைத்துவிடும். ஹைபிரிட்டில் அந்த எச்சரிக்கை இல்லை. நேற்று வரை நன்றாக இருந்த கார் இன்று காலை உயிரில்லாமல் நிற்கும். அதைவிட மோசம், பாதி தளர்ந்த நிலையில் மின்னழுத்தம் குறைந்து, சம்பந்தமே இல்லாத பல எச்சரிக்கை விளக்குகள் ஒரே நேரத்தில் எரியும். பிரேக், ஸ்டியரிங், ஹைபிரிட் அமைப்பு எல்லாம் பழுது என்று திரை சொல்லும். அந்தப் பதற்றத்தில் பெரிய பேட்டரிக்கு விலை விசாரிக்கப் போனவர்கள் உண்டு. முதலில் 12 வோல்ட் பேட்டரியை அளந்து பாருங்கள். அணைத்துவைத்த காரில் 12.6 வோல்ட் அளவில் இருந்தால் நல்லது. 12-க்குக் கீழே என்றால் சந்தேகம் அதன் மேல்தான். 'ரெடி' நிலையில் 14 வோல்ட்டை ஒட்டி இருந்தால் சார்ஜ் ஏறுகிறது என்று பொருள்.

சீக்கிரம் சாகடிக்கும் பழக்கங்கள் தெரிந்தவைதான். பிரேக்கை மிதிக்காமல் பொத்தானை அழுத்தி, 'ரெடி' ஆகாத நிலையிலேயே பாட்டுக் கேட்பது. அப்போது சின்ன பேட்டரியிலிருந்து மின்சாரம் போகும், அதற்கு எதுவும் ஏறாது. காரில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும் என்றால் 'ரெடி'யில் வைத்திருங்கள். டேஷ் கேமரா, கூடுதல் அலாரம், இடம்காட்டும் கருவி என்று இணைத்துக்கொண்டே போவதும் அப்படித்தான். வாரக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திவைப்பதும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். காரை நீண்ட நாள் நிறுத்துபவர்கள் இடையிடையே அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். பெரிய பேட்டரியும் தானாக மெல்ல இறங்கும் என்பதால் அதற்கும் இது தேவை. பெரிய பேட்டரி முழுதும் வறண்டுவிட்டால் வழக்கமான ஜம்ப் ஸ்டார்ட்டால் (வேறு 12 வோல்ட் பேட்டரியைக் கேபிளால் இணைத்து எழுப்புவதால்) ஆவது ஒன்றுமில்லை.

மாற்றும்போதும் கவனம் வேண்டும். பல மாடல்களில் இந்தப் பேட்டரி பயணிகள் இருக்கும் பகுதியில், பின் சீட்டு அடியிலோ டிக்கியிலோ இருக்கிறது. அது சார்ஜ் ஆகும்போது வாயு வரலாம். அதை வெளியேற்றச் சின்னக் குழாய் இணைப்பு வைத்திருப்பார்கள். அளவு பொருந்துகிறது என்று ஏதோ ஒரு பேட்டரியை உள்ளே வைக்காமல், அந்தக் காருக்குச் சொல்லப்பட்ட வகையையே வாங்குங்கள். ஜம்ப் ஸ்டார்ட் செய்ய வேண்டி வந்தால், பல டொயோட்டா ஹைபிரிட்களில் பானெட்டுக்கு அடியில் ஃபியூஸ் பெட்டிக்குள் தனி முனை உண்டு. கேபிளை மாற்றி இணைத்தால் விலை உயர்ந்த மின்னணுப் பாகங்கள் கருகும். அதேபோல், மற்றவர் காரை எழுப்ப உங்கள் ஹைபிரிட்டைக் கொடுக்காதீர்கள். சின்ன பேட்டரி அந்த வேலைக்கான அளவில் செய்யப்பட்டதல்ல.

நெரிசலில் நியூட்ரல், இறக்கத்தில் பயம்

சிக்னலில் நியூட்ரலுக்கு மாற்றும் பழக்கம் பலருக்குக் கையோடு ஒட்டியது. டொயோட்டா வகை ஹைபிரிட்டில் நியூட்ரலில் ஜெனரேட்டர் வேலை செய்யாது. ஏசி ஓடிக்கொண்டே இருக்கும், பேட்டரி இறங்கிக்கொண்டே இருக்கும், இன்ஜின் ஓடினாலும் சார்ஜ் ஏறாது. நின்றால் 'டி'யிலேயே பிரேக்கை மிதித்துக்கொண்டு இருங்கள். நீண்ட நேரம் என்றால் 'பி' (P) பார்க்கிங்.

கியர் வரிசையில் 'டி'க்குப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு 'பி' (B) வேறு. அது நீண்ட மலை இறக்கத்துக்கானது. இறங்க இறங்கப் பேட்டரி நிறைந்துவிடும்; அதற்கு மேல் மின்சாரத்தைப் போட்டு வைக்க இடமில்லை. அப்போது பெட்ரோல் செலுத்தாமல் இன்ஜினைச் சும்மா சுழற்றி அந்த ஆற்றலைக் கரைக்கும். திடீரென்று இன்ஜின் உறுமும் சத்தம் கேட்டுப் பயந்து வண்டியை ஓரம் கட்டுகிறவர்கள் உண்டு. அது பழுதல்ல, உங்கள் பிரேக்கைக் காப்பாற்றும் வேலை. ஆனால் இந்த 'பி'யில் (B) போட்டால் சார்ஜ் அதிகம் ஏறும் என்று நம்பி நாள் முழுக்க அதிலேயே ஓட்டுவது தவறு, மைலேஜ் குறையும்.

மின்சாரத்தில் மட்டும் ஓடும் பொத்தானைப் பற்றியும் சொல்ல வேண்டும். அக்வாவின் பேட்டரி கொள்ளளவு ஒரு கிலோவாட் மணிநேரத்துக்கும் சற்றுக் குறைவு. அதில் போகக்கூடிய தூரம் ஒன்றிரண்டு கிலோமீட்டர். அந்த மின்சாரமும் பெட்ரோலிலிருந்தே வந்தது. வெளியிலிருந்து சார்ஜ் ஏற்றும் வசதி இல்லை. பொத்தானை அழுத்தி அழுத்திப் பேட்டரியை இறக்கினால், பிறகு இன்ஜின் அதிகம் ஓடி அதை நிரப்ப வேண்டும். ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் ஆற்றல் வீணாகிறது. காரின் கணினிக்கு இந்தக் கணக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். விடியற்காலையில் சத்தமில்லாமல் நிறுத்துமிடத்தை விட்டு வெளியேற வேண்டுமா, அதற்கு அந்தப் பொத்தான் நல்லது.

இன்ஜின் எழுந்துவிடக் கூடாது என்று ஆக்சிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும் ஊர்ந்து போவதும் இதே வகைத் தவறுதான். அளவாக, தயங்காமல் வேகம் எடுத்து, பிறகு காலைத் தளர்த்தி உருளவிடுங்கள். பிரேக்கை முன்னதாகவே தொட்டு மென்மையாக நிறுத்துங்கள். கடைசி நேரத்தில் அழுத்திப் பிடித்தால் மோட்டாரால் பிடிக்க முடிந்ததைவிட அதிக ஆற்றல் பிரேக் தகட்டில் வெப்பமாகப் போய்விடும். மைலேஜ் நன்றாக எடுப்பவர்களைக் கவனித்தால், அவர்கள் வேகம் எடுப்பதில் கஞ்சத்தனம் செய்வதில்லை. நிறுத்துவதில்தான் பொறுமை காட்டுகிறார்கள்.

திரையில் பேட்டரிப் படம் முழுதாக நிறையவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். செல்களின் ஆயுளுக்காகக் கணினி அதை முழுதும் நிரப்பாமலும் முழுதும் வடியவிடாமலும் நடுவிலேயே வைத்திருக்கும்.

பெட்ரோல் தீர்ந்தால் பேட்டரி காப்பாற்றும் என்று நம்புவது

காப்பாற்றாது. பெட்ரோல் தீர்ந்த பிறகும் கார் கொஞ்ச தூரம் நகரும். அந்த நகர்வு பெரிய பேட்டரியின் கடைசிச் சொட்டுகளில் நடக்கிறது. இன்ஜினை எழுப்பத் தேவையான சக்தியும் அதே பேட்டரியில்தான் இருக்கிறது. மீண்டும் மீண்டும் பொத்தானை அழுத்தி முயன்று அதையும் தீர்த்துவிட்டால், பிறகு டேங்க் நிறையப் பெட்ரோல் ஊற்றினாலும் கார் எழாது. இழுத்துக்கொண்டுபோய், உரிய கருவியால் பெரிய பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற வேண்டி வரும். எரிபொருள் விளக்கு எரிந்தால் அடுத்த பங்க்கில் நிரப்புங்கள். தீர்ந்தே போய்விட்டால் உடனே ஓரம் கட்டி, அணைத்துவிட்டு, பெட்ரோல் வரும்வரை காரைத் தொடாதீர்கள்.

இழுத்துச் செல்வதிலும் விதி உண்டு. முன் சக்கரங்களோடு மோட்டார் எப்போதும் இணைந்தே இருக்கிறது. சக்கரம் சுழன்றால் அது மின்சாரம் உற்பத்தி செய்யும். ஆகவே முன் சக்கரங்கள் தரையில் உருளும்படி இழுக்கவிடக் கூடாது. முன்பக்கத்தைத் தூக்கியோ, முழுக் காரையும் மேடை வண்டியில் ஏற்றியோ கொண்டுபோகச் சொல்லுங்கள். வரும் ஓட்டுநருக்கு இது தெரிந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சர்வீஸில் விட்டுப்போகிறவை

இன்ஜின் பாதி நேரம் ஓடுவதில்லை, எனவே ஆயிலைத் தள்ளிப்போடலாம் என்று ஒரு பேச்சு உண்டு. ஏற்றுக்கொள்ளாதீர்கள். அடிக்கடி அணைந்து எழும் இன்ஜின் முழுச் சூட்டை எட்டாமலே ஓடும் நேரம் அதிகம். குறுகிய பயணங்களில் ஈரமும் பெட்ரோலும் ஆயிலில் கலக்கின்றன. கையேட்டில் சொன்ன கிலோமீட்டரோ காலமோ, எது முந்துகிறதோ அதற்கு மாற்றுங்கள். இந்த இன்ஜின்கள் மெல்லிய ஆயிலுக்காக வடிவமைக்கப்பட்டவை, பெரும்பாலும் 0டபிள்யூ-20. கெட்டியான ஆயில் பாதுகாப்பு என்று மாற்றி ஊற்றுவதில் மைலேஜ்தான் போகும்.

பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டருக்குத் தனிக் கூலன்ட் சுற்று இருக்கிறது. இன்ஜின் ரேடியேட்டரை மட்டும் பார்த்துவிட்டு மூடுகிறவர்களின் கண்ணில் படாமல் போவது இதுதான். பானெட்டைத் திறந்தால் இரண்டு தொட்டிகள் இருக்கும். இரண்டிலும் அளவு பாருங்கள். அதற்கான சின்ன மின்பம்பு நின்றுபோனால் இன்வெர்ட்டர் சூடாகும், கார் சக்தியைக் குறைக்கும். பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரில் பி0ஏ93 என்ற குறியீடு வந்தால் பார்க்க வேண்டிய இடம் அந்தக் குளிர்விப்புச் சுற்று.

பிரேக் பேடுகள் நெடுநாள் வருகின்றன. ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் மாற்றவில்லை என்று பெருமையாகச் சொல்பவர்கள் பலர். அதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது: பேடு தேயவில்லை என்பதால் யாரும் சக்கரத்தைக் கழற்றிப் பார்ப்பதில்லை. குறைவாகப் பயன்படும் தகட்டில் துரு ஏறும், பேடுகளைத் தாங்கும் கேலிப்பரின் நழுவும் ஊசிகள் இறுகும், பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் போடச் சொல்லுங்கள்.

டயர் மாற்றிய பிறகு மைலேஜ் குறைந்துவிட்டது என்ற குறை அடிக்கடி வருகிறது. காரோடு வருவது உருளும் தடை குறைந்த டயர். விலையை மட்டும் பார்த்து வேறு வகை போட்டால் அந்த வேறுபாடு டேங்கில் தெரியும்.

ஓசையில்லாத காரை விட்டு இறங்கிப் போவது

இது உயிர் சம்பந்தப்பட்டது. இன்ஜின் அணைந்திருக்கிறது என்பதற்காகக் கார் அணைந்துவிட்டதாக ஆகாது. 'ரெடி' விளக்கு எரிந்தால் அது ஓடத் தயாராக இருக்கும் கார். பார்க்கிங்கில் போடாமல் விட்டிருந்தால், காலோ ஒரு குழந்தையின் கையோ பட்டு நகர்ந்துவிடலாம். மூடிய ஷெட்டில் அப்படியே விட்டுப் போனால், பேட்டரி இறங்கும்போது இன்ஜின் தானாக எழுந்து ஓடும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பொத்தானை அழுத்தி எழுப்பும் கார்களை இப்படி மறந்து விட்டுப்போய் உயிர்கள் போயிருக்கின்றன. இறங்கும் முன் திரை முழுதும் இருண்டதா என்று பாருங்கள். ஏசி போட்டுக்கொண்டு காரில் தூங்குவதானால் திறந்த வெளியில் மட்டும், பார்க்கிங் நிலையில் மட்டும்.

பழையதை வாங்கும்போதும், பேட்டரியைப் பழுது பார்க்கும்போதும்

பெரிய பேட்டரி தளர்ந்ததற்கான பொதுவான குறியீடு பி0ஏ80. அது வந்ததும், கெட்ட மாட்யூலை (சில செல்கள் சேர்ந்த கட்டை) மட்டும் மாற்றித் தருகிறேன் என்று குறைந்த செலவில் ஒருவர் சொல்வார். அக்வாவில் 20 மாட்யூல்கள். எல்லாமே ஒரே வெயிலைப் பார்த்து ஒன்றாக மூப்படைந்தவை. ஒன்றை மட்டும் புதிதாக வைத்தால் கொள்ளளவு பொருந்தாது. சில மாதங்களில் அடுத்தது விழும், மறுபடி கழற்ற வேண்டும். காரை உடனே விற்கப்போகிறவருக்கு அது உதவலாம். வைத்திருக்கப் போகிறவருக்கு, என் கணிப்பில், புதிய முழுத் தொகுப்பு அல்லது எல்லா மாட்யூலும் அளந்து ஒத்துப்பார்த்து உத்தரவாதத்தோடு தரும் தொகுப்புதான் முடிவில் மலிவு. எதைப் போட்டாலும் விசிறியைச் சுத்தம் செய்யாமல் போடாதீர்கள்; பழையதைக் கொன்ற காரணம் புதியதற்கும் காத்திருக்கும். இணைப்புத் தகடுகளில் பச்சை பூத்திருந்தால் அதையும் சுத்தம் செய்ய வேண்டும். ஆரஞ்சு நிறக் கேபிள்கள் உயர் மின்னழுத்தம் ஓடுபவை. பாதுகாப்புப் பிளக்கைக் கழற்றி, 10 நிமிடமாவது காத்திருந்து, உரிய கையுறையோடு வேலை செய்யத் தெரிந்தவர் மட்டுமே தொட வேண்டியவை. காணொளி பார்த்து முயலும் இடம் அதுவல்ல.

பழைய கார் பார்க்கப் போகிறீர்கள் என்றால், இன்ஜின் குளிர்ந்திருக்கும் நேரத்தில் போங்கள். முதல் ஓட்டத்தில் கடகடவென்று ஆட்டம் இருந்தால் விசாரியுங்கள். 2009-க்குப் பின் வந்த 1.8 லிட்டர் பிரியஸில் இ.ஜி.ஆர். பாதை (புகையின் ஒரு பகுதியை இன்ஜினுக்குத் திருப்பி அனுப்புவது) கரியால் அடைத்து, பிறகு பழுது ஹெட் கேஸ்கெட் எனும் இன்ஜின் அடைப்புத் தகடு வரை போவதை மெக்கானிக்குகள் பரவலாகச் சொல்கிறார்கள். அதன் முதல் அறிகுறி காலை ஆட்டமும், காரணமில்லாமல் குறையும் கூலன்ட்டும். சிறிய மாடல்களிலும் அந்தப் பாதையைச் சுத்தம் செய்திருக்கிறார்களா என்று கேட்பது நல்லது. பின் சீட்டைத் தூக்கி விசிறித் திறப்பையும், நீர் புகுந்த தடம், துரு, சேறு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். வெள்ளத்தில் மூழ்கிய ஹைபிரிட்டுக்கு எந்த விலையும் மலிவல்ல. ஏசியை முழு அளவில் போட்டு, மேடும் இறக்கமும் உள்ள பாதையில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். பேட்டரிக் கோடுகள் சில நிமிடங்களில் மேலிருந்து அடிவரை விழுந்து, அதே வேகத்தில் மறுபடி நிறைந்தால் கொள்ளளவு போய்விட்டது. ஓட்டத்தின்போதே ஸ்கேனரைச் செருகி, மாட்யூல் தொகுதிகளின் மின்னழுத்தங்களை ஒப்பிடச் சொல்லுங்கள். ஏற்றத்தில் சுமை விழும்போது ஒன்று மட்டும் தனியாகச் சரிந்தால் அதுதான் பலவீனமான இடம். விற்பவர் சீட்டைத் தூக்கவோ ஸ்கேனர் செருகவோ தயங்கினால், அடுத்த காரைப் பாருங்கள்.